பட்டி சுருங்கிய கதை

ஆனி மாதத்தில் கள்ளிப்பாளையத்துக் குடியானவர்களுக்குப் பட்டி மாற்றுவதைவிடப் பெரிய வேலை கிடையாது. ஆடியில் விதை போடுமுன் காடெல்லாம் ஆட்டு எரு விழவேண்டும். அதற்காக மூங்கில் படல்களைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த இடத்தில் சுற்றிலும் நட்டு, பொழுது சாய ஆடுகளை உள்ளே அடைப்பார்கள். ஆடு படுத்தெழுந்த மண்ணில் கம்பு ஆள் உயரம் வளரும் என்பது எருமப்பட்டிப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அன்று சாயங்காலம் சென்னியம்மாள் தனியாகவே பட்டி மாற்றினாள். அவள் புருஷன் அப்புசாமி கலப்பைக் கொழுவைத் தட்ட ஆசாரிப் பட்டறைக்குப் போயிருந்தான். கொழுந்தன் குமாரசாமியின் காட்டிலிருந்த இருபது படல்களையும் தன் காட்டுக்குத் தூக்கி வந்தாள். வண்டித் தடத்துக்கும் பாறைக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு; மூன்று வருஷமாக அங்கே கம்பு முழங்காலுக்கு மேல் எழும்பியதில்லை. அங்கே எரு போட்டால் தன் பேர் கொஞ்சமாவது நிமிரும் என்று அவளுக்கு ஓர் ஆசை. இரண்டு படல் அகலத்துக்குமேல் அங்கே இடமில்லாததால் நீளவாட்டில் எட்டெட்டாக நட்டு, இரண்டு முனையையும் இரண்டிரண்டு படலால் அடைத்தாள். ஆடுகளை ஓட்டினாள்.

பாதி ஆடுதான் தாராளமாகப் போயிற்று. மிச்சத்தைத் தள்ளினாள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. ஒரு குட்டி மிதிபட்டு முன்காலை இழுத்துக்கொண்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆடு வெளியிலேயே நின்று அவளைப் பார்த்தன.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் ஆத்தாயி வந்து சேரவேண்டுமா!

"ஏம் புள்ள, இத்தன ஆடு வெளியில நிக்குது?"

"எடம் பத்தலைங்க அத்தை."

"பத்தலையா? நேத்து வரைக்கும் சின்னவன் காட்டுல இதே படலுக்குள்ளாற இதே ஆடு காலை நீட்டிப் படுத்துக் கெடந்துது. எண்ணிப் பாரு, இருவது படலும் இருக்குதா?"

இருந்தன. சென்னியம்மாள் எண்ணினாள், ஆத்தாயியும் கூடவே எண்ணினாள். இருபதில் ஒன்று குறையவில்லை.

"அட மாரியாத்தா! உங்கையி பட்ட ஒடனே பட்டியே சுருங்கிப்போச்சே!" என்று ஆத்தாயி வாயில் கை வைத்தாள். அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

ஆத்தாயியைக் கெட்டவள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கண்ணாக வளர்த்தவள். ஒரே ஆவணியில் இரண்டு பேருக்கும் கல்யாணம் முடித்தாள். பெரியவனுக்குச் சென்னியம்மாள், சின்னவனுக்கு உண்ணாமலை. மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம் அது. கல்யாணமான கையோடு காட்டையும் பாகம் பிரித்தாள். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தைக் கூப்பிட்டால் கோழி கேட்பார், நெய் கேட்பார் என்று, ஊர் வழக்கப்படி வெங்கடாசலக் கவுண்டரையே வரச்சொன்னாள்.

வெங்கடாசலக் கவுண்டர் பாகம் பிரிப்பதில் பேர் போனவர். அவரிடம் ஒரு கற்றாழை நார்க் கயிறு உண்டு. ஒரு பங்கைச் சுற்றி எத்தனை கயிறு ஓடுகிறதோ, மறு பங்கைச் சுற்றியும் அத்தனை கயிறு ஓடவேண்டும். ஓடினால் இரண்டும் சமம். அவர் அப்பா அப்படித்தான் அளந்தார். சுற்றுப்பட்டில் அந்தக் கயிற்றை யாரும் சந்தேகித்ததில்லை. காசு வாங்கமாட்டார், ஓரவஞ்சனை தெரியாது. கயிறு ஓடி முடிந்ததும், "பெரியவன் மொதல்ல எடுத்துக்க சாமி" என்றார். ஒரு பங்கு கட்டம்போல் இருந்தது. மற்றொன்று வண்டித் தடத்தை ஒட்டி நீளமாகக் கிடந்தது. நடந்தால் போய்க்கொண்டே இருக்கும்! அப்புசாமி இரண்டையும் பார்த்தான். நீளமானதை எடுத்துக்கொண்டான். அன்று முழுக்க அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்துதான் வந்தது வினை. குமாரசாமி காட்டுக் கம்பு திமுதிமுவென்று வளர்ந்தது. அப்புசாமி காட்டில் பயிர் நெருக்கியடித்துக்கொண்டு நின்று, நோஞ்சான் கதிர் தள்ளியது. ஆத்தாயி நியாயக்காரி, விதைக் கம்பை ஒரே வள்ளத்தால் இரண்டு பிள்ளைக்கும் தலை தட்டி அளந்து கொடுத்தவள். மழை ஒன்று, மண் ஒன்று, விதை ஒன்று, கயிறும் ஒன்று. பிறகு எது வேறு? வந்த மருமகள்தான் வேறு! கோடாங்கியைக் கேட்டார்கள். அவன் உடுக்கையை அடித்து, ஊரே நினைத்துக்கொண்டிருந்ததை அப்படியே திருப்பிச் சொன்னான். பெரியவளுக்கு ராசி இல்லை.

மூன்று வருஷம் பொறுத்தாகிவிட்டது. இந்த ஆடி விதைப்புக்கு முன்னால் சென்னியம்மாளை எருமப்பட்டியில் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் இல்லாமல் ஒரு வெள்ளாமை எடுத்துப் பார்ப்பது என்று முடிவு. விளைந்தால் அவள் திரும்ப வேண்டியதில்லை. அவள் அப்பாவுக்கு ஆள் சொல்லியாயிற்று. நாளை மறுநாள் வண்டி வருகிறது. ஒரு பெண்ணின் வாழ்வை ஒரு போகக் கம்பை வைத்துத் தீர்ப்பது ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. அப்புசாமிக்குப் பட்டது, ஆனால் அவன் வாய் பேசாத ஜாதி.

இந்த நிலைமையில்தான் பட்டியும் சுருங்கித் தொலைத்தது.

மறுநாள் ஆடுகளை மேயப் பத்திவிட்டு, சென்னியம்மாள் காலிப் பட்டி ஓரமாக வந்து உட்கார்ந்தாள். அழுதாள். மூன்று வருஷமாக ஊர் சொன்னதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவள்தான். ஆனால் இன்று தன் கண்ணாலேயே பார்த்தாளே! இருபது படல், அதே ஆடு, இடத்தைக் காணோம். மெய்யாகவே நம் கையில் ஏதோ இருக்கிறதோ என்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பயம் மாமியார் பேச்சைவிட அவளை அதிகமாகச் சுட்டது.

அழுது ஓய்ந்த பிறகு ஒரு வீம்பு வந்தது. சரி, சுருங்கட்டும், எப்படிச் சுருங்குகிறது என்று நானும்தான் பார்க்கிறேனே! இருபது படலையும் பிடுங்கிக் காட்டின் அகலமான இடத்துக்குக் கொண்டுபோய், ஐந்தைந்தாக நாலு பக்கமும் நட்டாள். உள்ளே போய் நின்றாள். விஸ்தாரமாக இருந்தது. அதே கைதான், பட்டி விரிந்துவிட்டது!

துவரைமார் ஒன்றை எடுத்து ஒரே அளவாக இருபது குச்சி ஒடித்தாள். தரையில் ஐந்தைந்தாகக் கட்டம் கட்டினாள். உள்ளே எத்தனை ஆட்டுக்கு இடம் என்று பார்க்கவேண்டுமே. பக்கத்தில் கிடைத்தது ஆட்டுப் புழுக்கைதான். குச்சிக்கு நேராக ஒன்று வைத்தால் ஒரு வரிசைக்கு ஐந்து. அப்படி ஐந்து வரிசை. அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவளல்ல. ஆனால் ஆடு எண்ணத் தெரியும். இருபத்தைந்து.

பிறகு கட்டத்தைச் சற்று நீட்டினாள். நீளம் ஆறு, அகலம் நாலு. குச்சி அதே இருபது. எண்ணினாள், இருபத்துநாலு. ஒன்று எங்கே போயிற்று? திரும்ப எண்ணினாள். இருபத்துநாலேதான்! நீளம் ஏழு, அகலம் மூன்று, இருபத்தொன்று. எட்டும் இரண்டும் வைத்தாள், அது நேற்றைய பட்டி. பதினாறு. ஒன்பதும் ஒன்றும் வைத்தாள். ஒன்பதே ஒன்பது.

அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வைத்துப் பார்த்தாள். பத்துக் குச்சி ஒரு வரிசை, பத்துக் குச்சி இன்னொரு வரிசை. இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுவே ஒரு புழுக்கை வைக்க இடமில்லை.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் தீபாராதனை பார்க்கும்போது வருமே, அப்படி. ஒரு குச்சியைக்கூட எடுக்கவில்லை, ஒடிக்கவில்லை. சுற்றுவேலி அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்த பூமி மட்டும் கண்ணெதிரே கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இதை யார் இங்கே ஒளித்து வைத்தது? எத்தனை காலமாக மனிதர்கள் இந்தப் படலை நட்டுப் பிடுங்குகிறார்கள், ஒருவர் கண்ணிலும் படாமல் இது இங்கேயே இருந்திருக்கிறதே! மறுபடி கலைத்தாள், மறுபடி வைத்தாள். ஒவ்வொரு தரமும் அதே எண்கள் தப்பாமல் வந்து நின்றன. கோடாங்கி வாக்குக்கூட ஆளுக்கு ஆள் மாறும். இது மாறவில்லை.

அப்போதுதான் தலை நிமிர்ந்து தன் காட்டைப் பார்த்தாள். நீளமாகக் கிடந்தது.

அப்புசாமி கஞ்சி குடிக்க வந்தவன், பெண்டாட்டி தரையில் புழுக்கை அடுக்குவதைப் பார்த்துப் பதறிப்போனான்.

"ஏம் புள்ள, என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலீங்க. சித்த இப்பிடிக் குக்குங்க. இதையப் பாருங்க."

முதலில் சிரித்தான். இருபத்தொன்று வந்தபோது சிரிப்பு நின்றது. பதினாறு வந்தபோது குந்தியிருந்தவன் நன்றாகவே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நம்மட காடு?" என்றான் மெதுவாக.

தாம்புக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். தங்கள் காட்டின் அகலத்துக்குக் கயிற்றைப் பிடித்து, அதையே நீளவாட்டில் போட்டுப் பார்த்தார்கள். நாலு தரம் விழுந்தது. எட்டும் இரண்டும் வைத்த அதே பட்டி! தம்பியின் காட்டுக்கு நீளமும் அகலமும் ஒன்றே.

"அவியளுக்கு இருவத்தஞ்சுன்னா நமக்குப் பதனாறுங்க" என்றாள் சென்னியம்மாள். "அத்தனூண்டு காட்டுல அவிய போடற வெதையவே நாமளும் போட்டா, பயிரு எங்கீங்க மூச்சு உடும்? நேத்து ஆடு கத்துனாப்புலதான் மூணு வருசமா நம்ம கம்பும் கத்தீருக்கும். நமக்குத்தான் கேக்கலை."

அப்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாந்தான புள்ள நீளமா இருக்குதுன்னு எடுத்தேன். இப்பப் போயி எப்புடிச் சொல்றது? ஊரு சிரிக்குமே."

"ஊரு சிரிச்சா ஒரு நாளைக்குங்க. நான் வண்டியேறுனா ஆயுசுக்குங்க."

மறுநாள் காலை வண்டி வந்து நின்றது. மகளின் முகத்தைப் பார்க்கமாட்டாமல் அவள் அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அதே நேரம் அப்புசாமி, வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் திறந்து, வெங்கடாசலக் கவுண்டரைக் கயிற்றோடு கூப்பிட்டுக்கொண்டு களத்துக்கு வந்தான். வேடிக்கை என்றால் கள்ளிப்பாளையம் சும்மா இருக்குமா? ஊரே கூடிவிட்டது.

"நான் அளந்தது தப்புன்னு சொல்றயா அம்மிணி?" என்றார் பெரியவர். கோபமில்லை, ஆனால் குரல் கனத்திருந்தது.

"தப்பில்லீங்க பெரியவரே. கயிறு பொய் சொல்லலை. சுத்தி எத்தனைன்னு கேட்டீங்க, சொல்லுச்சு. உள்ளாற எத்தனைன்னு அதைய யாரும் கேக்கவே இல்லீங்க" என்றாள் சென்னியம்மாள்.

கயிற்றின் இரண்டு நுனியையும் முடிந்து, அப்புசாமி, குமாரசாமி, இன்னும் இரண்டு ஆட்கள் நாலு மூலையில் இடுப்பளவில் பிடித்தார்கள். சதுரமாக நின்றது. ஆடுகளை உள்ளே ஓட்டினார்கள். எல்லாம் அடங்கி, தாராளமாக நின்றன. "அண்ணனும் தம்பியும் இந்தப் பக்கமே நில்லுங்க, கயிறு இழுக்கறப்பக் கிட்டக்கிட்ட வாங்க. மத்த ரண்டு பேரும் கயித்தத் தளர உடாம அக்கட்டால நடங்க, மெதுவா" என்றாள் சென்னியம்மாள்.

அவர்கள் நடந்தார்கள். கயிறு நீண்டது, அகலம் ஒடுங்கியது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் நெருங்கி வந்தார்கள். ஆடுகள் நெருக்கின. ஒன்று கயிற்றுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. பின்னால் இரண்டு, பின்னால் நாலைந்து. கடைசியில் கயிறு இரண்டு கோடாக ஒட்டி நின்றபோது, அண்ணன் தோளும் தம்பி தோளும் இடித்துக்கொண்டன. உள்ளே ஓர் ஆடு இல்லை.

"அடங்கொப்பறானே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வெங்கடாசலக் கவுண்டர் கயிற்றை வாங்கினார். நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவி, எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். அறவில்லை. மறுபடி சதுரமாகப் பிடிக்கச் சொல்லி, இந்தத் தடவை தாமே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உள்ளிருந்த மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நடந்தார். கயிறு ஒட்டியதும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். அந்த முகத்தில் வெட்கம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. சாமியைக் கண்டவன் முகம்போல இருந்தது.

"இத்தன நாளு எங்கையில இருந்த கயித்துக்குள்ளாற இப்பிடி ஒண்ணு இருந்திருக்குதா!" என்றார். "அம்மிணி, உள்ளாற எத்தனைன்னு எண்ணற வழி எனக்கும் காட்டிக் குடு சாமி. எங்கப்பன் சொல்லிக் குடுத்தது பாதிதான். மிச்சத்தைய நான் கத்துக்கோணும். நான் அளந்த ஊடு ஒவ்வொண்ணுக்கும் போயி மறுக்கா அளக்கோணும்."

சென்னியம்மாள் குச்சிகளைப் பரப்பினாள். பெரியவரோடு கூட, நரைத்த மீசைகளும் காதறுந்த கிழவிகளும் குந்திக்கொண்டார்கள். வரிசைக்கு எட்டு, இரண்டு வரிசை, பதினாறு! சரியாக வந்தபோதெல்லாம் அவர்கள் பிள்ளைகளைப்போல் கூவினார்கள். எருமப்பட்டிச் சந்தையில் பொம்மலாட்டம் பார்த்தபோதுகூட அந்த ஊர் அவ்வளவு ஆச்சரியப்பட்டதில்லை.

குமாரசாமி மட்டும் குந்தாமல் தள்ளி நின்று தன் காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நிலத்தைக் கொடுப்பதென்றால் யாருக்கும் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அவனைக் குறை சொல்லவேண்டாம். அவன் பெண்டாட்டி உண்ணாமலைதான் முழங்கையால் இடித்தாள்.

"என்னுங்க யோசன? அக்கா பங்கு நம்மகிட்ட இருக்குது, குடுங்க. நான் ராசிக்காரின்னு மூணு வருசமா ஊர்ல எந்த ஊட்டு வெதைக்கும் என்னைய வந்து கைவெக்கச் சொல்றாங்க. இன்னைக்கோட எனக்கு அந்தப் பாடு உட்டுதுன்னு வெச்சுக்கறேன்!"

கூட்டம் சிரித்தது. குமாரசாமியும் சிரித்துவிட்டான். "அண்ணா, இன்னைக்கே குச்சி வெச்சு எண்ணிச் சமம் பண்ணிக்கலாங்க" என்றான்.

ஆத்தாயி ஓரமாக நின்றிருந்தாள். எல்லோரும் பேசி ஓய்ந்தபிறகு மெல்ல வந்து மருமகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்; அந்தக் கையைத்தான் மூன்று வருஷமாக விதைக் கூடையில் வைக்கவிட்டதில்லை. பிறகு வண்டியருகே நின்ற சம்பந்தியைப் பார்த்துப் பேசினாள்.

"மாடு அவுத்துக் கட்டுங்க சம்பந்தி. சோறு தின்னுட்டுத்தான் போகோணும். பொண்ண அனுப்பறதுக்கில்லீங்க. இந்தக் காட்டுக்கு எத்தன வெதைன்னு இனி அவகிட்டக் கேட்டுத்தான் நான் வள்ளத்தைய எடுப்பேன். எனக்குக் கணக்குத் தெரியலை, அது ஒரு குத்தமில்லை, கத்துக்கலாம். தெரியலைன்னு சொல்றதுக்குப் பதிலா ராசி இல்லைன்னு சொல்லி ஒரு பொண்ணோட வாழ்க்கையக் கெடுக்கப் பாத்தேன் பாருங்க, அதுதாங்க பாவம்."